மலைமாட்டுக்குத் தரச்சான்று எதற்கு?

தேனி மாவட்டத்தில் மலைமாடும் புலிக்குளம் கிடைமாடும் வைத்திருப்பவரிடம் தரச்சான்று வாங்கச் சொல்வது எளிது. செலவை யார் ஏற்பது? குமுளி வழியாகக் கேரளத்துக்கு இறைச்சிக்குப் போகும் மாட்டை வியாபாரி கண்ணால் மதிப்பிட்டுத்தான் வாங்குகிறார். மலைப்புல் மேய்ந்து வளர்ந்த மாடு என்பதற்கு அங்கே தனி விலை கிடையாது. கூடுதல் விலை தரும் வாங்குபவர் இல்லாதவரை, தனி ஆள் காசு கட்டி வாங்கும் காகிதம் வீண் என்றே சொல்வேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், ஆனால் குறியீடு மட்டும் விலையை ஏற்றிவிடாது.

கோமாரித் தடுப்பூசியும் பன்னிரண்டு இலக்கக் காதுவில்லையும் வேறு கதை. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஊசி இலவசம். மந்தையில் கோமாரி புகுந்தால் கறவை வற்றும், கன்று சாகும், சந்தையும் மூடும். அந்த ஊசியையும் காதுவில்லைப் பதிவையும் எந்த மாட்டுக்காரரும் விடக்கூடாது. அதற்கு மேல் சான்று வேண்டுமென்றால், இயற்கை விவசாயிகள் செய்வதுபோல் கிடைக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் உறுதி தரும் முறையே கட்டுப்படியாகும்.

அதைவிட அவசரமானது மேய்ச்சல். திருவில்லிபுத்தூர்-மேகமலை 2021-ல் புலிகள் காப்பகமானது. மறு ஆண்டே காப்பகங்களில் கால்நடை மேய்க்க உயர்நீதிமன்றம் தடை விதித்தது. காட்டைக் காக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மலையில் மேய்ந்த மாடு என்று சான்று எழுதுவதானால், அது மேய எந்த இடத்தைத் தரப்போகிறது என்பதை அரசு முதலில் சொல்லட்டும்.