இலட்சியமே ஆளை உருவாக்கும்

ஒருவர் எதனை உயர்வென்று மனத்திற் கொள்கின்றாரோ, அதற்கேற்பவே அவரது உழைப்பும் குணமும் அமைகின்றன. இதற்குச் சான்றாகத் தனிநாயகம் அடிகளாரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர விரும்புகின்றோம்.

1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்த அடிகளார், உரோமாபுரியில் இறையியல் பயின்று 1938இல் குருவானார். மேலைமொழிகள் பல கற்றிருந்த அவருக்குத் தமிழிலக்கியத்தில் அப்போது ஆழ்ந்த பயிற்சி இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி புரிகையிலேதான் தாய்மொழியை முறையாகக் கற்கத் தொடங்கினார். முப்பது வயதைக் கடந்தபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்தார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். நாம் வாழும் இந்த இலண்டன் மாநகரின் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்று உழைத்தார்.

இப்பணியை எவரும் அவர்மீது சுமத்தவில்லை. கற்றவர் மீண்டும் மாணவராகும் பணிவை அவருக்குத் தந்தது அவர் கொண்ட இலட்சியமே.

நம் பிள்ளைகளுக்கோ தமிழ், வார இறுதிக் கடமையாகவும் சான்றிதழுக்குரிய பாடமாகவும் மட்டுமே தோன்றக்கூடும். அதற்காக அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. இலட்சியத்தைக் கட்டளையிட்டு ஊட்ட இயலாது. பெரியோரின் நடத்தையிலிருந்தே பிள்ளைகள் அதனைப் பெறுகின்றனர். பள்ளி வாயிலில் அவர்களை விட்டுச்செல்லும் நாம், வீட்டில் தமிழ்நூல் ஒன்றைக் கையிலெடுக்கின்றோமா? அறியாத சொல்லைக் கேட்டறிய நாணாதிருக்கின்றோமா?

பெற்றோரும் மாணவராகும் இல்லத்தில், பிள்ளைகளிடம் தமிழார்வம் தானே தழைக்கும் என்பது எமது உறுதியான எண்ணம்.