கண்ணாடி முன் பாரந் தூக்குவோர்

'ஜிம்' என வழங்கும் உடற்பயிற்சிக் கூடம் எதனுள் நுழைந்தாலும், இரும்புக்கு அடுத்தபடியாக நம் கண்ணிற் படுவது கண்ணாடியே. தரையிலிருந்து கூரையளவும் சுவரை மறைத்து நிற்கும் அவற்றைக் காணும் முதியோர் பலர், இளவட்டங்கள் தம் அழகைத் தாமே பார்த்து மகிழ்வதற்கு இது ஓர் ஏற்பாடு என நகைத்து அப்பாற் செல்வர். அழகு பார்ப்பதைக் குறைகூற நாம் வரவில்லை. வாலிபப் பருவத்தில் அதுவும் இல்லையெனின் வேறு எப்பொழுது? நம் கவலை வேறு. முதுகில் அறுபது கிலோ இரும்பைச் சுமந்து நிற்கும் ஒருவன் அவ்வேளையில் எங்கே பார்த்தல் வேண்டும் என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் விஷயம்.

கண்ணாடிக்கும் இப்பயிற்சிக்கும் உள்ள உறவு பழையது. பிரஷ்யாவிற் பிறந்து, 1893-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரிற் பெரும் புகழீட்டிய யூஜின் சாண்டோ என்னும் பலவான், 1897-இல் வெளியிட்ட தம் நூலில், நிலைக்கண்ணாடியின் முன் நின்று பயிலுமாறு மாணாக்கருக்குச் சொல்லியிருக்கிறார். தசைகள் இயங்குவதையும் நாளடைவில் அவை வளர்வதையும் கண்ணாரக் காண்பது ஊக்கந் தரும் என்பது அவர் கொள்கை. (அவர் பெயர் தமிழிலும் ஒரு பட்டமாகிவிட்டது, திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை அறியாதார் யார்?) ஆயின், அவர் தம் மாணாக்கர் கையிற் கொடுத்தது பெரும்பாலும் இலேசான டம்பெல். அதனை ஏந்தி முழங்கையை மடக்கும்போது தலை எப்பக்கந் திரும்பினும் பெருங் கேடில்லை. இன்றோ, கண்ணாடி அப்படியே இருக்கப் பாரம் பன்மடங்காகிவிட்டது. ஆடவர் போட்டியிற் பயன்படும் நீண்ட 'பார்' ஒன்று, தட்டு எதுவும் மாட்டாத நிலையிலேயே 20 கிலோ.

பாரத்தைத் தோளின் பின்புறம் ஏற்றிக் குந்தியெழும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். மாணவர் இதனை 'ஸ்குவொட்' என்பர். குந்தும்போது இடுப்புப் பின்னே செல்லும். மார்பு முன்னே சாயும். அவ்வாறு சாயாவிடின் பாரம் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே நில்லாது. ஆதலின் சாய்தல் பிழையன்று. உடல் இவ்வாறு சாய்ந்து இறங்கும்போது கண் மட்டும் எதிரேயுள்ள தன் உருவத்தை விடாது பற்றிக்கொண்டால் நேர்வது யாது? கழுத்துப் பின்னோக்கி வளைந்தே தீரும். கழுத்தும் முள்ளந்தண்டின் ஒரு பகுதியன்றோ? சுமையும் அதன் அடியிலேயே அமர்ந்திருக்கிறது. பக்கச் சுவரிலுள்ள கண்ணாடி இன்னும் பொல்லாதது. "சரியாகக் குந்துகிறேனா?" என்று பாதி வழியில் அதனை ஒருமுறை நோக்குவான், தலை திரும்பத் தோளும் சற்றே திரும்பும், இரு பக்கமும் சமமாயிருந்த பாரம் ஒரு பக்கம் ஓங்கும். கழுத்துப் பிடிப்போடு வீடு திரும்புவோருட் சிலர், சுமையைக் குறை கூறுவரேயன்றிப் பார்வையைக் குறை கூறார்.

இத்தனை இடரையும் ஏற்றுக்கொண்டு கண்ணாடியிற் காண்பதுதான் என்ன? தோள்கள் சமமா, முழங்கால்கள் உட்புறம் மடிகின்றனவா என்பவற்றை எதிர்க்கண்ணாடி காட்டும். முதுகு கூனிற்றா, பார் பாதத்தின் முன்னே நழுவிற்றா என்பன பக்கத்தில் நிற்பவனுக்கே நன்கு புலனாகும். இளைஞர் அஞ்சவேண்டிய பிழைகளோ இவைதாம்.

கண்ணை மூடிக்கொண்டும் நம் கை எங்கே இருக்கிறது என்று நாம் அறிவோம். தசையிலும் மூட்டிலும் உறையும் இவ்வுணர்வை, ஆங்கில உடலியல் அறிஞர் சார்ள்ஸ் ஷெரிங்டன் 1906-இல் தனிப்பெயரிட்டு விளக்கினார். இதனை இழந்தாரின் நிலையை அறிய விரும்புவோர் இயன் வாட்டர்மன் என்பாரின் வரலாற்றைப் பார்க்கலாம். 1971-இல், பத்தொன்பது வயதில், நோய் ஒன்றின் விளைவாகக் கழுத்துக்குக் கீழே இவ்வுணர்வு அவருக்கு அற்றுப்போயிற்று. தசைகளில் வலு இருந்தும் அவரால் எழுந்து நிற்க இயலவில்லை. பின்னர், ஒவ்வோர் உறுப்பையும் கண்ணாற் பார்த்துப் பார்த்தே நடக்கப் பழகினார். விளக்கு அணைந்தாற் சரிந்து விழுவார். அவர் வேறு வழியின்றி மேற்கொண்ட அம்முறையை, முழு நலமுடைய நம் பிள்ளைகள் கண்ணாடியின் முன் வலிந்து பழகுகின்றனர். பாரம் எங்கே நிற்கிறது என்று உள்ளங்காலும் இடுப்பும் சொல்வதைக் கேளாது, கண் சொல்வதற்குக் காத்திருக்கின்றனர்.

போட்டி மேடையைப் பாருங்கள். நான்கு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் உள்ள பலகைத் தளம், எதிரே நடுவர், அப்பாற் கூட்டம். கண்ணாடி இல்லை. 2006-இல் மெல்பேர்ண் நகரில் நிகழ்ந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், 62 கிலோ பிரிவிற் பொற்பதக்கம் பெற்ற நம் நாட்டுச் சிந்தன விதானகே நின்று தூக்கியதும் அத்தகைய மேடையிலேதான்.

உடலுக்கு வரும் கேட்டிலும் மனத்துக்கு வரும் கேடு அரிதாகவே பேசப்படுகிறது. 2003-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பெண்களை நிலைத்த சைக்கிளில் இருத்தி, கண்ணாடிக்கு எதிரேயும் கண்ணாடி இன்றியும் பயிற்சி செய்வித்து ஆராய்ந்தனர். கண்ணாடி முன் செய்தோரின் மனநிலை, அஃதின்றிச் செய்தோரினும் தாழ்ந்திருந்தது. தம் உடலைப் பற்றி நல்லெண்ணம் உடையவரும் இதற்கு விலக்கல்லர்.

ஆண்பிள்ளைகளுக்கு வருவது வேறொரு வகை. திரண்ட தோளுடையவனாயிருந்தும், கண்ணாடியில் தன்னைக் குச்சிபோலக் காண்பான். 1997-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதற்கு 'மஸ்ல் டிஸ்மோர்பியா' எனப் பெயரிட்டனர். 2013-இல் அந்நாட்டு மனநோய் மருத்துவர் கழகத்தின் நோய்க் கையேட்டிலும் இஃது இடம்பெற்றது. மகன் ஜிம்முக்குப் போவதைக் கண்டு பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை. ஆனால், நாளில் பலமுறை கண்ணாடியைப் பார்த்து வாடுகிறான், பயிற்சி தவறுமென்று உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கும் வர மறுக்கிறான், தசை பெருக்க ஊசியோ மாத்திரையோ தேடுகிறான் என்றால், ஏசுவதை விடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

கண்ணாடியைக் கழற்றி எறியுமாறு நாம் சொல்லவில்லை. தோளுக்கு டம்பெல் உயர்த்துவோன் இரு கையும் ஒப்ப உயர்கின்றனவா என்று அதிற் பார்க்கலாம். உடலழகுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்வோனுக்கோ அதுவே ஆசான். அங்கே தீர்ப்புச் சொல்வது பார்ப்பவர் கண்தானே. பார் ஏந்திக் குந்துவோர் மட்டும் இயலுமாயின் கண்ணாடிக்குப் புறங்காட்டி நிற்க. பார் வைக்கும் சட்டம் கண்ணாடியை நோக்கியே பொருத்தப்பட்டிருப்பின், ஐந்தாறு அடிக்கு முன்னே தரையில் ஒரு புள்ளியைத் தெரிந்து, இறங்கும்போதும் எழும்போதும் அதனைவிட்டுக் கண்ணை எடாதிருக்க. தோழன் ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தலாம். அல்லது கைத்தொலைபேசியை இடுப்பளவு உயரத்திற் பக்கவாட்டில் வைத்துப் படம் பிடித்து, பாரத்தை இறக்கி மூச்சு வாங்கியபின் ஆறுதலாகப் பார்க்கலாம்.