மெடலைப் பறித்தார்கள்... மானத்தையுமா?

திற்பரப்பு அருவிக்குப் போகிற ரோட்டில் விடிகாலையில் பெண் பிள்ளைகள் சிலர் ஓடுகிறார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் சைக்கிளை ஒதுக்கி வழி விடுகிறார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஓடி ஜெயிச்சாலும் மெடலப் பிடுங்கிருவாவளே மக்களே, அந்தப் புதுக்கோட்டைப் பிள்ளைக்குப் பண்ணினது மாதிரி!"

பெரியவர் மறக்கவில்லை. நாடுதான் மறந்துவிட்டது!

சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2005-ல் தென்கொரியாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி மறுபடியும் வெள்ளி. தமிழ்நாடே கை தட்டியது.

சில நாள்தான். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லி மெடலைப் பறித்தார்கள். டாக்டர் அறைக்குள் இருக்க வேண்டிய சங்கதி சந்தி சிரித்தது. சாந்தி மருந்து சாப்பிட்டாரா? இல்லை. யாரையாவது ஏமாற்றினாரா? அதுவும் இல்லை. பிறந்த உடம்போடு ஓடினார். அவ்வளவுதான் குற்றம்!

அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஆனால் பறிபோன ஓட்டம் திரும்பவில்லை. 2012-ல் அதே செங்கல் சூளையில் கூலி வேலை. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழக அரசின் விளையாட்டுத் துறையில் பயிற்சியாளர் ஆனார். விழுந்தும் எழுந்த பெண் அவர்!

2009-ல் தென்ஆப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கும் இதே சோதனை வந்தது. அவர் நாடு பின்னால் நின்றது. தங்கம் அவரிடமே இருக்கிறது. 2014-ல் ஒடிசாவின் டூட்டி சந்துக்குத் தடை வந்தபோது நம் அரசு கை கொடுத்தது. வழக்குப் போட்டார். 2015-ல் ஜெயித்தார். சாந்திக்காக வழக்குப் போட அன்றைக்கு யார் இருந்தார்கள்?

இது பழைய கதை இல்லை. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல் புது விதி கொண்டுவந்திருக்கிறது. உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் மரபணுச் சோதனை கட்டாயம். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் ஒத்தி எடுப்பார்கள், அல்லது ரத்தம் எடுப்பார்கள். விதி சரியா தப்பா என்று பெரியவர்கள் வாதாடட்டும். நாம் கேட்பது மூன்றே மூன்று.

சோதனையை ஊரிலேயே முதலில் செய்யுங்கள். வெளிநாட்டு மைதானத்தில் வைத்துத் தலைகுனிய விடாதீர்கள்.

முடிவை அந்தப் பெண்ணிடம், அவள் பாஷையில், டாக்டர் நேரில் சொல்லட்டும். வெளியே கசிய விடுகிறவர் எவரானாலும் நடவடிக்கை எடுங்கள்.

ஓட முடியாது என்று ஆனால், மறுநாளே ஒரு வேலையும் துணைக்கு ஓர் ஆளும் கொடுங்கள்.

ஜெயித்தால் மாலை, சிக்கினால் கைகழுவல் என்பது என்ன நியாயம்? திற்பரப்பு ரோட்டில் ஓடுகிற பிள்ளைகளில் ஒருத்தி நாளைக்கு இந்தியா சட்டை போடலாம். அவளுக்காகவாவது விளையாட்டுத் துறை இப்போதே விழிக்கட்டும்!