எழுத்துப் பிழை மட்டும்தானா?

ஒன்பதாம் தரத்தில் படிக்கும்போது என் தோழி ஒருத்தி அதிபருக்கு ஆங்கிலத்தில் விடுமுறைக் கடிதம் எழுதினாள். 'பிரின்சிபல்' என்ற சொல் 'ஏ, எல்' என்று முடிய வேண்டும். அவள் 'எல், ஈ' என்று முடித்துவிட்டாள். அது 'கொள்கை' எனப் பொருள்படும் வேறு சொல். வாசித்தால் பிழை யாருக்கும் கேட்காது என்பதால், கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். "மதிப்புக்குரிய கொள்கை அவர்களே" என்று வகுப்பே சிரித்தது. நானும்தான். அதன் பிறகு அவள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியதே இல்லை.

இப்படிப்பட்ட சொற்களை எழுத்துப் பிழை என்று சிவப்பு மையால் வட்டமிட்டு, பத்துத் தரம் எழுதி வரச் சொல்வது சரியான மருந்தல்ல என்பது என் கருத்து. காது இங்கே உதவாது. வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதுதான் உதவும். எங்கள் வீட்டுப் பேச்சில் மிளகாய் அரைப்பதும் படுக்கும் அறையும் ஒரே ஓசைதான். ஆனாலும் எழுதும்போது ரகர றகரத்தை மாற்றுவதில்லை. ஒன்று வினை, மற்றது பெயர் என்று மனம் முதலில் பிரித்துக்கொள்கிறது.

ஆங்கிலத்திலும் அதே வழி உண்டு. 'பிரின்சிபல்' முதலில் 'முதன்மையான' என்ற பெயரடை. அதிபரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக ஆனது பிறகுதான். நேஷனல், சென்ட்ரல், ஃபைனல் ஆகிய பெயரடைகளைப் போல அதுவும் 'ஏ, எல்' என்று முடிகிறது. கொள்கை என்ற சொல்லோ பெயர்ச்சொல் மட்டுமே. பேக்கர் வேலை செய்யும் இடம் பேக்கரி. அதுபோல ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி. ஆகவே கொப்பி, பேனைக்கு 'ஈ' எழுத்து. அசையாமல் நிற்பதைச் சொல்லும் பெயரடைக்கு, பிரைமரி, செகண்டரி போல, 'ஏ'. (கடைப் பலகைகளைக் கவனித்துப் பாருங்கள், அசையாத கடைகள் எத்தனையோ!)

'ப்ராக்டிஸ்' இன்னும் அழகானது. பிரித்தானிய முறையில் பெயருக்கு 'சீ', வினைக்கு 'எஸ்'. சந்தேகம் வந்தால் 'அட்வைஸ்' என்ற சொல்லை நினைக்கலாம். அங்கேயும் பெயருக்கு 'சீ', வினைக்கு 'எஸ்'தான். ஆனால் ஓசை வேறுபடுவதால் காதே சொல்லிவிடும். அமெரிக்கர் இரண்டுக்கும் 'சீ' போடுவார்கள் என்பதால், கணினி சில வேளை எங்களுக்குச் சிவப்புக் கோடு இழுக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எங்கள் ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். வட்டம் போடுங்கள், பக்கத்தில் "பெயரா? பெயரடையா? வினையா?" என்றும் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேட எங்களுக்குத் தெரியும். தமிழ்ப் பாடத்தில் ஆறாம் தரத்திலிருந்து அதைத்தானே செய்கிறோம்.

என் தோழி இப்போது உயர்தரத்தில் என் பக்கத்து மேசை. ஆங்கிலக் கடிதம் ஏதும் எழுத வேண்டி வந்தால் கொப்பியை மெதுவாக என் பக்கம் தள்ளுகிறாள். போன வாரம் நான் எழுதிக் கொடுக்கவில்லை. 'நேஷனல்' என்ற சொல்லை மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனையை எடுத்தாள்.