கற்பிட்டி வீதியும் கொயிலோவர் மோகமும்

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியதும் நம் பிள்ளைகளில் பலர் செய்யும் முதல் வேலை, அதைத் தரையோடு தரையாக இறக்குவதுதான். காட்சிக்கு நிறுத்தி வைக்கும் கார் என்றால் அது அவரவர் பணம், அவரவர் விருப்பம். சிலாபம், புத்தளம், கற்பிட்டி என்று நாள்தோறும் ஓடவேண்டிய காரை அப்படி இறக்குவது வீதியில் போகும் மற்றவர்களின் உயிரோடு விளையாடுவது. இதை எழுதினால் சில நண்பர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். கொயிலோவர் என்பது ஷொக் அப்சோபரின் உடலைச் சுற்றி ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் அமைப்பு. பெரும்பாலான கார்களின் முன் சக்கரங்களில் தொழிற்சாலையே பொருத்தி அனுப்பும் மெக்பர்சன் தண்டும் ஏறக்குறைய இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தனியாக விற்கப்படுவதில் உள்ள வேறுபாடு, அதன் உடலில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரையில் ஏறி இறங்கும் வளையத்தால் காரின் உயரத்தை மாற்றலாம். பலவற்றில் ஒரு குமிழைத் திருகி ஷொக்கின் இறுக்கத்தையும் மாற்றலாம். அருமையான கருவி. அதைக் கொண்டு செய்யப்படும் அநியாயத்தைப் பற்றித்தான் என் சண்டை.

பேலியகொடவில் தொடங்கிப் புத்தளத்தில் முடியும் ஏ-3 வீதியின் பெரும்பகுதி நல்ல தார் வீதி. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. வென்னப்புவ, மாரவில, மாதம்பை என்று வழுக்கிக்கொண்டு வருகிற கார், பாலத்தின் பொருத்து ஒன்றிலோ, குழாய் புதைத்து மூடிய பள்ளத்திலோ முன்னறிவிப்பின்றி விழும். பாலாவியில் இடப்பக்கம் திரும்பி உப்பளங்களைத் தாண்டிக் கற்பிட்டிப் பாதையில் ஏறினால் கதையே வேறு. ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் வீதிக்கு வந்துவிடும். தார் விளிம்பு உடைந்து கிடக்கும் இடத்தில் எதிரே மரக்கறி லொறி வந்தால் இரண்டு சக்கரங்களைக் கீழே இறக்கித்தான் ஆகவேண்டும். இரவில் கழுதைகள் வேறு. (புத்தளத்துக் கழுதையைக் கிண்டல் செய்பவர்கள், இருட்டில் அதை எதிரே ஒருமுறை சந்தித்துப் பார்க்கட்டும்.)

இனிக் கணக்குக்கு வருவோம். முன் சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ எடை உட்கார்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். ஒரு மில்லிமீற்றர் அமுங்க 3 கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்றால், கார் நிற்கும்போதே அது 100 மி.மீ. அமுங்கியிருக்கும். பள்ளம் வரும்போது அந்த 100 மி.மீ. அளவுக்கும் சக்கரத்தைக் கீழே அழுத்தித் தரையோடு வைத்திருக்கும். கடையில் "ஸ்போர்ட்" என்று தரப்படும் 8 கிலோ ஸ்பிரிங் 37 மி.மீ. மட்டுமே அமுங்கியிருக்கும். அதைவிட ஆழமான பள்ளத்தில் அந்தச் சக்கரத்தைத் தரையில் அழுத்த ஸ்பிரிங்கில் எதுவும் மிச்சமில்லை. காரின் இயல்பான ஆட்டம் நொடிக்கு ஒன்றரை தடவை என்பதிலிருந்து இரண்டரை தடவையாக உயர்கிறது. பந்தயத் தடத்தில் அது பொருந்தும். முந்தலிலிருந்து மதுரங்குளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் பொருந்தாது.

இவ்வளவு விறைப்பு ஏன் என்று கேட்டால் "ஹேண்ட்லிங்" என்பார்கள். உண்மைக் காரணம் தாழ்வு. சக்கரம் மேலெழுவதற்கு 70 மி.மீ. இடம் இருந்த காரை 40 மி.மீ. இறக்கினால் எஞ்சுவது 30. முன்பு 70 மி.மீ.இல் விழுங்கிய அதே உதையை 30 மி.மீ.க்குள் ஸ்பிரிங் மட்டுமே விழுங்க வேண்டுமானால், அதன் கடினம் ஐந்து மடங்குக்கும் மேல் உயர வேண்டும். அதாவது 3 கிலோவுக்குப் பதில் 16. உங்களுக்குக் கிடைப்பதோ 8. மீதி உதையை வாங்கிக்கொள்வது தண்டின் நுனியில் உள்ள ரப்பர் முட்டு. கார் ரப்பரில் முட்டும் அந்தக் கணத்தில், வளைவில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால், டயரின் பிடி சட்டென்று போய்விடும். "சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த வாகனம்" என்பது நமது பத்திரிகைகளில் நிலைத்துவிட்ட ஒரு வாசகம். பல ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன் சொல்கிறேன்: அந்த வாகனத்தின் ஷொக் எந்த நிலையில் இருந்தது, எத்தனை அங்குலம் இறக்கப்பட்டிருந்தது என்று எழுதிய செய்தியை நான் பார்த்ததில்லை. வீதியோரத்தில் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிப் போனவரின் பெயரும் வயதும் மட்டும் தவறாமல் வரும்.

"தாழ்த்தினால் வளைவில் சாயாது" என்பது இன்னொரு வேதவாக்கு. மெக்பர்சன் தண்டு உள்ள காரில் கீழ்க்கை மட்டத்துக்கும் கீழாகச் சரியும்படி இறக்கினால், காரின் எடை மையம் இறங்குவதைவிட வேகமாக அது சாயும் அச்சு இறங்கிவிடும். சாய்க்கும் நெம்பு நீளுகிறது. கார் அதிகம் சாயப் பார்க்கிறது. அதை மறைக்க மீண்டும் விறைப்பான ஸ்பிரிங். வட்டிக்கு வட்டி.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கட்டை வண்டிபோல் உதைக்க வேண்டும் என்று யார் சொன்னது? லோட்டஸ் கொம்பனியின் கொலின் சப்மன் 1962இல் வெளியிட்ட எலான் காரைப் பாருங்கள். மென்மையான ஸ்பிரிங், அதை அடக்கத் தெரிந்த நல்ல ஷொக். வளைவுகளில் அதன் நடத்தையை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். அதற்கும் முன்பே, 1930களில், ஜெனரல் மோட்டர்ஸில் மொரிஸ் ஒல்லி என்ற பொறியியலாளர், முன்பக்கத்தின் ஆட்டத்தைவிடப் பின்பக்கத்தின் ஆட்டம் சற்று வேகமாக இருந்தால் மேட்டைத் தாண்டியதும் கார் ஊஞ்சல் ஆடாது என்று காட்டிவிட்டார்.

அப்படியானால் கொயிலோவரே வேண்டாமா? வேண்டும், சில கார்களுக்கு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே இங்கே தினசரி ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களில் அநேகமானவை வயதானவை, ஷொக்குகள் செத்துப்போனவை. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், நல்ல கொயிலோவர் ஒரு நியாயமான தெரிவு. ஆனால் முதலில் கைகளின் ரப்பர் புஷ்களையும் மேல் மவுண்டுகளையும் பார்க்க வேண்டும். தேய்ந்த புஷ்ஷின் மேல் புது ஷொக் பூட்டுவது, ஓட்டை வாளிக்கு வர்ணம் அடிப்பது.

வாங்கும்போது எவ்வளவு தாழ்த்தலாம் என்று கேட்காதீர்கள். தொழிற்சாலை உயரத்துக்கு ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். கீழ்ப் பிடியைத் தனியாகத் திருகி உயரத்தை மாற்றும் வகை நல்லது. உயரம் மாறினாலும் ஷொக்கின் ஓட்டமும் ஸ்பிரிங்கின் அழுத்தமும் அப்படியே இருக்கும். ஸ்பிரிங் எண்ணைக் காருக்குக் கார் ஒப்பிடக்கூடாது. டொயோட்டா 86இன் முன்பக்கத்தில் தண்டு சக்கரத்தோடு கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றாக அசையும். இரட்டைக் கை கொண்ட பழைய சிவிக்கிலோ ஆர்எக்ஸ்-8இலோ ஸ்பிரிங் குறைவாக அசைவதால், சக்கரத்தில் உணரப்படும் கடினம் அந்த விகிதத்தின் வர்க்கமாகக் குறையும். விகிதம் 0.7 என்றால் 8 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 4 கிலோவுக்கும் குறைவு. இந்தக் கரைக்கு, தண்டு வகைக் காரில் 4 கிலோவுக்கு மேல் நான் போகமாட்டேன்.

பிறகு உப்பு. மரையில் உப்பு ஏறினால் ஓராண்டில் வளையம் உடலோடு ஒட்டிவிடும். இரும்பு உடலில் அலுமினிய வளையம் என்றால் இன்னும் விரைவில். ஜேர்மனியின் கேடபிள்யூ துருப்பிடிக்காத உருக்கில் உடல் செய்கிறது. விலை கூட, ஆனால் கற்பிட்டியில் அது ஆடம்பரமன்று. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் குளிர்கால வீதி உப்பைக் கண்ட நம் உறவினர்களுக்கு இது புரியும். ஊருக்குப் பெட்டியில் அனுப்பும் அவர்கள் இன்னொன்றையும் யோசிக்கட்டும்: எண்ணெய் முத்திரை போனால் அதை இங்கே யார் பிரித்துச் சரிசெய்வார்?

பூட்டிய பிறகு செய்வது, பூட்டுவதைவிடப் பெரிய வேலை. ஸ்பிரிங்கை வளையத்தால் நெருக்கினால் அது கடினமாகும் என்பது கராஜ் மூடநம்பிக்கை. நேர்கோட்டு ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. உயரமும் ஓட்டமும்தான் மாறும். தளர்ந்து ஆடாத அளவுக்கு நெருக்கினால் போதும். கைகளின் புஷ் ஆணிகளைக் கார் சக்கரத்தில் நிற்கும்போது இறுக்க வேண்டும். தூக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். குமிழை முற்றாக மூடி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணித் திறந்து, நடுவில் தொடங்குங்கள். ஒரே வீதி, ஒரே வேகம், டயரில் ஒரே காற்று. ஒரு தடவைக்கு இரண்டு கிளிக். கொப்பியில் எழுதுங்கள். மேட்டைத் தாண்டியதும் கார் இரண்டு முறை ஆடினால் சற்று இறுக்குங்கள். அடுத்தடுத்த அலைமேடுகளில் கார் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போனால், திரும்பும் இறுக்கம் அதிகம். அமுங்கிய ஸ்பிரிங் நிமிர நேரம் கிடைக்கவில்லை. திறந்துவிடுங்கள். எல்லாக் கிளிக்கையும் இறுக்கி "இப்போதுதான் ரேஸ் கார்" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அதன் பின் எலைன்மென்ட். சில நூறு கிலோமீற்றர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் இன்னொரு முறை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவ வேண்டும்; உப்புக் கிணற்றுத் தண்ணீரால் கழுவிப் பயனில்லை.

ஜேர்மனியில் இதைப் பூட்டினால் டியூவ் பரிசோதகர் பார்த்து ஒப்பமிட வேண்டும். இங்கே வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் கேட்கிறோம்; தனியார் காரின் ஷொக் எண்ணெய் ஒழுகுகிறதா என்று கேட்பவரில்லை. 2025 ஜனவரியில் "கிளீன் ஸ்ரீலங்கா" என்று பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அலங்காரங்களைக் கழற்ற வைத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்ததைக் கழற்றினார்கள். சக்கரத்துக்குள் குனிந்து பார்க்க ஒரு டோர்ச் லைட் போதும்.

உயரத்தை எவ்வளவு சிறிது மாற்றினாலும் முகப்பு விளக்கின் கோணமும் மாறும். சுவருக்கு எதிரே நிறுத்தி அதையும் திருத்திவிட்டுத்தான் இரவில் எடுங்கள். நுரைச்சோலைப் பக்கம் எதிரே வருகிறவருக்கும் வீதி தெரிய வேண்டும்.