ஏமாத்துன அனிமேக்களும் ஒரு கோச்சடையானும்

மொக்கைப் படம் வேறு, ஏமாற்றிய படம் வேறு. ஆரம்பத்திலிருந்தே மொக்கையாக இருப்பதைப் பத்து நிமிஷத்தில் மூடிவிட்டு வேற வேலையைப் பார்க்கப் போய்விடலாம். மனசு நோகாது. ஏமாற்றியது அப்படியில்லை. நன்றாக வந்திருக்க வேண்டியது, நம் கண்ணெதிரிலேயே பாழாய்ப் போகும். அதைத்தான் வருஷக்கணக்கில் திட்டிக்கொண்டிருப்போம். இந்தப் புலம்பல் அந்த ரகத்தைப் பற்றியது.

(அனிமே பார்க்காத மக்கள் ஓடிவிட வேண்டாம். பாதியில் தலைவர் வருகிறார்!)

முதல் குற்றவாளி, தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட். 2019 ஜனவரியில் முதல் சீசன் வந்தது. ஒரு அனாதை இல்லம். பாசமான ஒரு அம்மா. தத்துக் கொடுத்து அனுப்பப்படுவதாகச் சொல்லப்படும் குழந்தைகள் உண்மையில் பூதங்களுக்குச் சாப்பாடாகப் போகிறார்கள் என்பதை எம்மாவும் நார்மனும் கண்டுபிடிக்கிறார்கள். அங்கிருந்து தப்பிப்பதுதான் கதை. சண்டையே கிடையாது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். அப்படி ஒரு சீரியல்.

2021 ஜனவரியில் ரெண்டாவது சீசன் வந்தது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. மாங்காவில் மொத்தம் 181 அத்தியாயம். முதல் சீசன் 37 அத்தியாயத்தை 12 எபிசோடில் சொன்னது. மிச்சம் 144 அத்தியாயம். அதற்கு எத்தனை எபிசோட் கொடுத்தார்கள்? 11! கொடுமைடா சாமி.

144 எப்படி 11-க்குள் அடங்கும்? அடங்காது. அதனால் வெட்டினார்கள். மாங்கா படித்தவர்கள் கொண்டாடுகிற கோல்டி பாண்ட் பகுதி மொத்தமாகக் காலி. யூகோ என்கிற அருமையான பாத்திரம் இந்த சீசனில் இல்லவே இல்லை. கடைசி எபிசோடின் முடிவில், எம்மா போன பயணம் முழுவதையும் கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி ஸ்டில் படங்களாக ஓட்டி முடித்துவிட்டார்கள். இத்தனைக்கும் மூலக்கதை எழுதிய காயு ஷிராயே இந்த சீசனின் திரைக்கதை வேலையில் இருந்தார். கதாசிரியர் பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

அதே 2021 ஜனவரியில், இதைச் செய்த க்ளோவர்வொர்க்ஸ் ஸ்டூடியோ கையில் மூன்று சீரியல்கள் ஒரே சமயத்தில் ஓடின. இது ஒன்று. ஹோரிமியா இன்னொன்று. அதிலும் கதையைச் சுருக்கோ சுருக்கென்று சுருக்கி, விட்டுப்போனதை எல்லாம் 2023-ல் தனி சீரியலாகவே எடுக்க வேண்டி வந்தது. மூன்றாவது, வொண்டர் எக் ப்ரயாரிட்டி. நடுவில் எட்டாவது எபிசோட் பழைய காட்சிகளின் தொகுப்பாகப் போனது. முடிவு 2021 ஜூன் கடைசியில் ஸ்பெஷலாக வந்து சேர்ந்தது. வந்தும் பாதிப் பேருக்கு முடிவே புரியவில்லை.

சரி, யாரைத் திட்டுவது?

நம்ம மக்கள் செய்வது எளிதான வேலை. டைரக்டரைத் திட்டுவது, ஸ்டூடியோவைத் திட்டுவது, படம் வரைந்தவனைத் திட்டுவது. ஒன் பஞ்ச் மேன் முதல் சீசன் 2015-ல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோவில் செய்தது. ஒவ்வொரு குத்தும் நம் மேலேயே விழும். ரெண்டாவது சீசன் 2019-ல் ஜே.சி.ஸ்டாஃப் கைக்குப் போனதும் உப்புச்சப்பில்லாமல் ஆனது. 2025 அக்டோபரில் மூன்றாவது சீசன் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். ஓடவேண்டியவன் ஓடாமல் படமாக நகர்ந்துகொண்டிருந்தான். அதற்காக உலகம் முழுக்க இருந்து ரசிகர்கள் அந்த டைரக்டரை வசைபாடியதில், அவர் எக்ஸ் கணக்கையே மூடிவிட்டுப் போனார். ஏனுங்க, அவரா இத்தனை நாளில் முடித்தாக வேண்டும் என்று தேதி குறித்தார்?

அனிமே தொழிலில் தயாரிப்புக் குழு என்று ஒன்று உண்டு. மாங்கா பதிப்பகம், டி.வி. சேனல், பாட்டுக் கம்பெனி, பொம்மைக் கம்பெனி எல்லாம் சேர்ந்து காசு போடும். லாபம் வந்தால் போட்ட காசுக்குத் தகுந்தபடி பிரித்துக்கொள்ளும். வரைகிற ஸ்டூடியோவுக்கு அதில் பல சமயம் பங்கே கிடையாது. முன்கூட்டியே பேசிய தொகையோடு சரி. படம் உலகம் முழுக்க ஓடினாலும் அதே தொகை.

சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு இது புதுசாக இருக்காது. பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். தறிக்காரர் நெய்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவார். துணி என்ன விலைக்குப் போனாலும் கூலி கூலிதான். அதனால்தான் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்துவதும், கோவைக்கும் திருப்பூருக்கும் பேச்சுவார்த்தைக்கு நடப்பதும் இங்கே ஓயாத கதையாக இருக்கிறது. கூலி பத்தாதபோது தறிக்காரர் என்ன செய்வார்? இன்னும் நாலு பாவு சேர்த்து ஓட்டப் பார்ப்பார். ஒரே சீசனில் மூன்று சீரியல் ஓட்டுவதும் என் கண்ணுக்கு அதே கணக்காகத்தான் தெரிகிறது.

இந்தக் கணக்கு ரொம்பப் பழசு. 1963 ஜனவரி 1-ம் தேதி டெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் டி.வி.யில் ஆரம்பித்தது. அதை அடக்க விலைக்கும் குறைவாக சேனலுக்குக் கொடுத்துவிட்டு, பொம்மை, சாக்லேட் மாதிரி சரக்குகளின் வருமானத்தில் ஈடுகட்டினார். அந்த வழக்கம்தான் இன்றுவரை தொழிலின் கழுத்தில் தொங்குகிறது என்று சொல்பவர்கள் ஜப்பானிலேயே உண்டு. ஆனால் அதே டெசுகா இன்னொன்றையும் செய்தார். காசு கம்மி என்பதால் எல்லாவற்றையும் அசைக்காமல், எது அசைய வேண்டுமோ அதை மட்டும் அசைத்தார். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். அனிமேயில் பல இடங்களில் 8 படம்தான் வரைவார்கள். மிச்சத்தை நம் கற்பனை போட்டுக்கொள்ளும். அதனால் "பட்ஜெட் கம்மிங்க" என்கிற சாக்கை நான் முழுசாக ஏற்றுக்கொள்ள மாட்டேன். இருக்கிற காசை எங்கே வைப்பது என்கிற முடிவுதான் முக்கியம்.

இப்போது தலைவர்.

2014 மே 23, கோச்சடையான். அதற்கு முன்னாடியே சுல்தான் தி வாரியர் என்று ரஜினி அனிமேஷன் படம் ஒன்று அறிவித்து, வராமலே போனது. கோச்சடையான் 2011 கடைசியில் அறிவிப்பு, 2012-ல் லண்டனில் மோஷன் கேப்சர், ஏ.ஆர்.ரஹ்மான் இசை, தீபிகா படுகோன், நாசர், ஷோபனா, சரத்குமார். 2009-ல் இறந்துபோன நாகேஷைக்கூடக் கம்ப்யூட்டரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். தேதி தள்ளித் தள்ளிப் போய், மே 9 என்று சொன்னதும் தள்ளிப்போய், ஒருவழியாக வந்தது.

கே.எஸ்.ரவிகுமார் எழுதிய கதை மோசமில்லை. விஷம் உண்டு சாகக் கிடக்கும் தன் வீரர்களைக் காப்பாற்ற, அவர்களை எதிரி நாட்டிடமே அடிமைகளாக விட்டுவிட்டு வருகிறான் ஒரு தளபதி. பொறாமை பிடித்த ராஜா அவனைத் துரோகி என்று சொல்லித் தலையை எடுக்கிறான். அந்த அடிமைகளை மீட்க மகன் எதிரி நாட்டுக்குள்ளேயே போய்ச் சேருகிறான். இதை அப்படியே ஒரு மாங்காக்காரர் கையில் கொடுத்தால் இருபது வால்யூம் ஓட்டுவார்.

எங்கே சறுக்கியது? ரஜினியை ரஜினி மாதிரியே காட்ட வேண்டும் என்று முடிவெடுத்த இடத்தில். ரஜினி ஸ்டைல் என்பது என்ன? வேகம். கை முடியைக் கோதுகிற வேகம், சட்டென்று திரும்புகிற வேகம், கண்ணில் வரும் அந்த நக்கல். மோஷன் கேப்சரில் கை கால் அசைவு கிடைத்துவிடும். கண்ணையும் வாயையும் உயிரோடு கொண்டுவருவதுதான் கஷ்டம். அதற்கு அவதார் அளவுக்கு நாளும் ஆளும் வேண்டும். இங்கே அது இல்லை. நாற்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துப் பழகிய சனம் நாம. ஒரு நூல் பிசகினாலும் தெரியும். ருத்ர தாண்டவத்தில் பாட்டு தூக்கி நிறுத்துகிறது, உருவம் தரையிலேயே படாமல் மிதக்கிறது.

நிஜ ரஜினி மாதிரி வேண்டாம் என்று முடிவெடுத்து, கோயில் சிற்பம் மாதிரியோ தோல்பாவை மாதிரியோ கோடு போட்டு வரைந்திருந்தால்? அதே காசில், அதே நாளில், யாரும் மறக்க முடியாத படம் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து. படத்தில் வேலை செய்த ஆர்ட்டிஸ்ட் யாரும் இந்த முடிவை எடுக்கவில்லை. அவர்கள் உட்காரும் முன்பே மேலே எடுத்துவிட்டார்கள்.

அந்தத் தோல்விக்கு விலை கொடுத்தது யார்? ரஜினி அடுத்தடுத்த படத்துக்குப் போய்விட்டார். "நம்மாளுங்க பொம்மைப் படம் பார்க்க மாட்டாங்க" என்று ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. அந்த அளவில் இன்னொரு முழுநீளத் தமிழ் அனிமேஷன் படம் அதற்குப் பிறகு வரவில்லை. அனிமேஷன் படித்துவிட்டு நம் பக்கத்துப் பசங்க நிறையப் பேர் சென்னையில் வெளிநாட்டுப் படங்களுக்குக் கயிறு அழிக்கிற, உருவம் வெட்டுகிற வேலை பார்க்கிறார்கள். அதுவும் கூலித்தறிதான். பாண்டிச்சேரியில் ஆரம்பிக்கும் லைஃப் ஆஃப் பை படத்துக்குப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனி, 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்குவதற்குச் சில நாள் முன்பு திவால் மனு போட்டது. விருது ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்.

அந்தத் தீர்ப்பு பொய் என்பதற்கு 2025 ஒன்றே போதும். ஜப்பானும் நம்மவர்களும் சேர்ந்து கையால் வரைந்து 1993-ல் திரையிட்ட ராமாயணம் படம், ஜனவரியில் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது. அதில் ராமன் எந்த நடிகர் மாதிரியும் இல்லை, ராமன் மாதிரி இருந்தான். ஜூலையில் மகாவதார் நரசிம்மா, எந்த ஸ்டாரும் இல்லாமல் குடும்பம் குடும்பமாகக் கூட்டத்தை இழுத்தது. அதில் அசைவு பல இடத்தில் மரக்கட்டைதான், ஆனாலும் சனம் வந்தது. செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி கேஸில் தமிழ் டப்பிங்கிலேயே ரிலீஸ் ஆனது. பார்க்க ஆள் இருக்கிறது. கணக்கை ஒழுங்காகப் போட்டு எடுக்கத்தான் ஆள் இல்லை.

அதனால் மக்களே, ஏமாந்தால் தாராளமாகத் திட்டுங்கள். காசு கொடுத்துப் பார்க்கிறோம், உரிமை இருக்கிறது. ஆனால் பென்சில் பிடித்தவனை விட்டுவிட்டு, தேதி குறித்தவனையும் எபிசோட் எண்ணிக்கை முடிவு செய்தவனையும் கேளுங்கள். 144 அத்தியாயத்துக்கு 11 எபிசோட் போதும் என்று கையெழுத்துப் போட்டது யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்காதவரை அடுத்த சீசனும் இப்படித்தான் வரும்.

டிஸ்கி: ப்ராமிஸ்டு நெவர்லேண்ட் இன்னும் பார்க்காதவர்கள் முதல் சீசனைப் பார்த்துவிட்டு நேராக மாங்கா ஐந்தாவது வால்யூமுக்குப் போய்விடுங்கள். ரெண்டாவது சீசன் என்று ஒன்று இல்லவே இல்லை. ஹி ஹி.