வளரும் மூளையும் குழந்தைகளின் கட்டியும்

வண்டிப்பெரியாற்றை அடுத்த தோட்டமொன்றிலிருந்து தாயார் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். ஏழு வயதுப் புதல்வனுக்குச் சிறுமூளையில் கட்டி என்று மருத்துவர் கூறினராம். ‘சூல்கொண்டிருந்த காலத்தில் கிரகணத்தன்று வெளியே வந்தேன், கொழுந்து கிள்ளுகையில் ஒருமுறை வழுக்கி விழுந்தேன், அதனால் விளைந்ததோ?’ என்று வினவுகிறார். லயத்திலுள்ள அண்டை வீட்டாரும் அவ்வாறே பேசுகின்றனர் போலும். இல்லை அம்மா, இரண்டினாலும் அன்று. ஏன் என்பதை இம்மாதம் சற்று விரித்துரைப்போம்.

முதியோர்க்கு வரும் புற்றுநோய்கள் பலவற்றுக்குப் புகையிலை போன்றவற்றின் நெடுநாட் பழக்கம் காரணமாகிறது. ஏழு வயதுப் பாலகன் எந்தப் புகையிலையைக் கண்டான்? அவனுடைய நோயின் வேர், மூளை வளரும் முறையிலேயே இருக்கிறது.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு பிடரிப் பக்கத்துச் சிறுமூளையில் அடங்கியவை. இத்துணைப் பெருங்கூட்டத்தை உண்டாக்கும் தாயணுக்கள், கருவிலிருக்கும்போதே சிறுமூளையின் மேற்பரப்பில் படர்ந்து, விரைந்து பெருகுகின்றன. பிறந்த பின்னும் அவ்வேலை நிற்பதில்லை. குழந்தைக்கு ஓராண்டு நிறையும் அளவில்தான் அவை உள்ளிறங்கி அமைதியுற, அம்மேற்படலம் மறைகிறது.

‘பெருகுக’ என்னும் ஆணையை, கீழேயுள்ள புர்க்கிஞ்சி அணுக்கள் ஒரு புரதத்தின் வாயிலாக விடுக்கின்றன. தாயணுவின் மேல் ‘பேட்ச்டு’ எனப்படும் தடைக்கட்டை ஒன்றுண்டு. ஆணை வந்தால் தடை தளரும், ஆணை நின்றால் மீண்டும் இறுகும். புகைவண்டி நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு இது கைகாட்டி மரமாகவே தோன்றுகிறது. தடைக்கட்டைக்குரிய மரபணுவில் பழுது நேர்ந்தால், கைகாட்டி இறங்கியது இறங்கியவாறே நின்றுவிடும். ஆணை இன்றியும் அணு பெருகிக்கொண்டேயிருக்கும். அதுவே கட்டியாகிறது. கோடிக்கணக்கான முறை அணு பிளவுபடுகையில் மரபணுவைப் படியெடுப்பதில் நேரும் பிழையே பெரும்பாலும் இப்பழுது. பெற்றோர் வழி வருவது சிலரிடத்து மட்டுமே.

இக்கட்டிக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்று 1925இல் பெயரிட்டோர் அமெரிக்க மருத்துவர்களான பெய்லியும் குஷிங்கும் ஆவர். ‘மெடுல்லோபிளாஸ்ட்’ என்றொரு கருவணுவிலிருந்து இது தோன்றுவதாக எண்ணினர். அப்படியோர் அணுவை இன்றளவும் எவரும் கண்டாரில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது! இன்று இதனை நான்கு பெருவகையாகப் பிரிக்கின்றனர். மேலே நாம் விளக்கியது ஒருவகை. மற்றொன்று மூளைத்தண்டுப் பக்கத்து அணுக்களில் தோன்றுவது. எஞ்சிய இரண்டும் கருவில் சிறுமூளையின் விளிம்பாக அமைந்த பகுதியிலிருந்து கிளைப்பவை என 2022இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. வகைக்கேற்பக் குணமாகும் வாய்ப்பும் வேறுபடும். மூளைத்தண்டுப் பக்கத்து வகையில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பதின்மருக்கு மேல் பிழைக்கின்றனர். மூன்று வயதுக்குட்பட்டோர்க்குக் கதிர்மருத்துவத்தைக் கூடுமானவரை தவிர்ப்பதும், அவர்தம் மூளை இன்னும் வளர்கின்றதே என்பதனால்தான்.

கருவின் மூளை வளர்வதை அணுவணுவாகக் காண்பதற்கு நம்மவர் முயற்சியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்னும் பட ஏட்டினை வெளியிட்டது. கருமூளைகளின் 5,132 சீவல்களைப் படமாக்கி, எந்நாட்டவரும் கட்டணமின்றிக் காணுமாறு வைத்துள்ளனர். மூளை அறுவை மருத்துவத்துக்கென நம் நாட்டின் முதற்பிரிவை 1949இல் வேலூரில் தொடங்கிய ஜேக்கப் சாண்டியும் நம் மலையடிவாரத்துக் கோட்டயத்தில் பிறந்தவரே.

அக்கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. பையன் நான்கு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலியென்று அழுது வாந்தியெடுத்தான். பூச்சித் தொல்லையென்று மருந்து கொடுத்தனர், பின்னர் மந்திரித்துக் கயிறும் கட்டினர். கட்டி, மூளைநீரின் வழியை அடைப்பதனால் வரும் வாந்தி அது. எழுந்தவுடன் தலைவலியும் வாந்தியும், தள்ளாடும் நடை, புதிதாக வந்த மாறுகண், கழுத்தை ஒருபுறமே சாய்த்தல் ஆகிய இவற்றைக் கண்டால் நாள் கடத்தலாகாது. பீர்மேட்டிலிருந்து இறங்கினால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. குமுளி வழியாகச் சென்றால் தேனி மருத்துவக் கல்லூரி. தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டே கேளுங்கள்.